முப்பத்தேழு வால்கள்

நுவாலாவும் அவள் அண்ணன் ஃபின்டனும் எட்டு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. ஆனால் ஒருவரை ஒருவர் திட்டாத நாளும் கிடையாது. இரண்டும் ஒன்றாக எப்படி நடக்கும் என்று கேட்டால், அதற்குத்தான் நாய் இருந்தது. ஃபின்டனின் நாய். உடம்பெல்லாம் கறுப்பு, கழுத்தைச் சுற்றி மட்டும் பாதிரியார் காலர் மாதிரி வெள்ளைப் பட்டை, அதனால் பிஷப் என்று பெயர். ரின்வார் என்ற மீன்பிடித் துறையில் இருவர் படகும் அடுத்தடுத்துக் கட்டியிருக்கும். நடுவில் பிஷப் உட்கார்ந்திருக்கும்.

“பிஷப், இந்தத் துறையில சில பேருக்குக் கயித்தைச் சுருட்டிக்கூட வைக்கத் தெரியல. அடுத்தவங்க கால் இடறி விழுந்தா அவங்களுக்கு என்ன வந்துச்சு?” என்பாள் நுவாலா.

“பிஷப், சில பொம்பளைங்களுக்குக் காலையில எழுந்ததும் யாரையாவது கடிச்சாத்தான் டீ இறங்கும். நீ நாய், நீயே சும்மா இருக்க,” என்பான் ஃபின்டன்.

நாய் இருவரையும் மாறி மாறிப் பார்க்கும். அது கேட்ட வசவுகளை வேறு நாய் கேட்டிருந்தால் ஊரைவிட்டே ஓடியிருக்கும்.

சண்டை வீட்டுக்காகவோ நிலத்துக்காகவோ வரவில்லை. ஒன்பது சிங்கி இறால்களுக்காக வந்தது. எட்டு வருடத்துக்கு முன் ஃபின்டன் குடலிறக்கம் வந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, சிங்கி பிடிக்க அவன் கடலடியில் போட்டிருந்த கூண்டுகளை நுவாலாதான் போய்த் தூக்கினாள். அவற்றில் ஒன்பது பெட்டைச் சிங்கிகள் வயிற்றுக்கடியில் முட்டையோடு வந்தன. சிங்கியின் வால் விசிறியில் ஐந்து இதழ்கள் உண்டு. நடு இதழுக்கு வலப்பக்கத்து இதழில் குறட்டால் முக்கோணமாக ஒரு வெட்டுப் போட்டுவிட்டால், அந்தச் சிங்கியை அதன்பிறகு யாரும் கரைக்குக் கொண்டுவரக் கூடாது. அது சட்டம். வெட்டாமல் அப்படியே விற்றாலோ, முட்டை இருந்தாலும் யாரும் ஒன்றும் கேட்க முடியாது. ஆக, வெட்டுவதும் வெட்டாததும் பிடித்தவரின் மனசு. நுவாலா ஒன்பதையும் வெட்டிக் கடலில் விட்டுவிட்டாள். தன் கூண்டில் வந்தவை என்றால் சரி. அண்ணன் கூண்டில், அதுவும் அவன் வயிற்றில் தையலோடு கிடக்கும்போது? அந்தக் கரையில் அடுத்தவன் வீட்டுக்குள் நுழைந்தவனைக்கூட மன்னிப்பார்கள். அடுத்தவன் கூண்டில் கை வைத்தவரை மன்னிப்பதில்லை.

தான் செய்தது தப்பு என்று நுவாலாவுக்கும் தெரியும். தெரிந்தால் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று என்ன கட்டாயம்? “ஒன்பது சிங்கி, ஒவ்வொண்ணுக்கும் இருபதாயிரம் முட்டை. உன் முதலாளிக்கு எண்ணத் தெரியாது, பிஷப்,” என்று நாயிடம் சொல்லிவிட்டுப் போய்விடுவாள்.

கடலை நேசிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு வருபவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. கோடையில் டப்ளினிலிருந்து வருவார்கள். பலகைமேல் நின்றபடி துடுப்புப் போடுவார்கள். ‘ஆகா, என்ன அமைதி’ என்பார்கள். நுவாலாவுக்குக் கடல் ஒருநாளும் அமைதியைத் தந்ததில்லை. முதுகுவலியைத் தந்தது, இரண்டு விரல் நுனிகளை எடுத்துக்கொண்டது. ஆனால் ஒன்று மட்டும் அவளுக்குத் தெரியும். கரையோரப் பாசிக்காடு, அதற்குள் ஒதுங்கும் மீன்குஞ்சு, நண்டு, சிங்கி, அவற்றைத் தேடிவரும் பறவை, பறவையைப் படம்பிடிக்க வரும் அதே டப்ளின்காரன், அவனுக்கு டீ விற்கும் கடை எல்லாமே ஒரே கயிற்றில் கட்டியவை. ஒரு பெட்டைச் சிங்கி முட்டையிடும் வயதுக்கு வர ஆறேழு வருடம் ஆகும். அதைப் பிடித்துத் தின்ன கால் மணி நேரம் போதும். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டுமா என்ன?

இதைத்தான் சண்டை வந்த அந்த வருடமே துறைக் கூட்டத்தில் மேசையைத் தட்டிச் சொன்னாள். கத்தினாள் என்பதே சரி. கடைசியில் பதினோரு படகுக்காரர்களும் கையெழுத்துப் போட்டார்கள்: முட்டையோடு வரும் ஒவ்வொரு சிங்கிக்கும் வெட்டுப் போட்டுக் கடலில் விடுவோம். பதினோரு பெயரையும் ஒரு பலகையில் எழுதி வலைக் கொட்டகைச் சுவரில் அடித்தார்கள். ஃபின்டன் கடைசியாகப் போட்டான். ஒப்பந்தத்தின்மேல் நம்பிக்கை வந்து போடவில்லை. பத்துப் பேர் போட்டபிறகு தான் ஒருவன் மட்டும் கழுதை என்று பெயர் வாங்க வேண்டாமே என்று போட்டான்.

எட்டு வருடம் பதினோரு படகும் ஒழுங்காக வெட்டியிருந்தால் விரிகுடா இந்நேரம் சிங்கியால் நிறைந்திருக்க வேண்டும். நிறையவில்லை. இந்தக் கோடையில் பத்துக் கூண்டு தூக்கினால் எட்டு வெறுமையாக வந்தன. துறைக்குழுத் தலைவன் மலாக்கி, உரத்த குரலும் பெரிய படகும் உள்ளவன், செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் ஒப்பந்தத்தைக் கிழித்துவிடலாம் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான்.

“எட்டு வருஷம் வெட்டி என்னத்தைக் கண்டோம்? நுவாலா சொன்னான்னு கடலுக்குக் கொடுத்தோம். கடல் திருப்பிக் கொடுக்கல. அவ்வளவுதான்.”

ஒருவேளை நான்தான் முட்டாளோ, பத்துக் குடும்பத்து வருமானத்தில் என் பைத்தியத்துக்காகக் கை வைத்துவிட்டேனோ என்று முதல்முறையாக நுவாலாவுக்கே தோன்ற ஆரம்பித்திருந்தது. அந்தப் பலகையைத் தவிர ஊரில் அவள் பெயர் சொல்ல வேறு எதுவும் இல்லை.

செவ்வாய்க்கு முந்தின ஞாயிறு, படகுகளை ஆசீர்வதிக்கும் நாள். ஃபாதர் கில்டே மலாக்கியின் படகில் ஏறி எல்லாப் படகுக்கும் தீர்த்தம் தெளித்தார். மழையும் சேர்ந்து தெளித்தது. பிறகு துறையிலேயே விருந்து. மூன்று அண்டாக்களில் கடல்தண்ணீர் கொதிக்கும். படகுக்கு ஆறு சிங்கி கொடுக்க வேண்டும் என்பது வழக்கம். அவரவர் படகு நிறத்தில் கொடுக்குக்கு ரப்பர் வளையம் போட்டிருப்பதால், வெந்து சிவந்து தட்டுக்கு வரும்போது யாருடையது பெரிசு என்று ஊரே பார்க்கும். நுவாலாவின் மஞ்சள் வளையச் சிங்கிகள் எப்போதும் சட்டம் சொன்ன குறைந்தபட்ச அளவை ஒட்டியே இருக்கும். எல்லாரும் சிரிப்பார்கள். அவள் உருளைக்கிழங்கு மேசையில் நின்று வெண்ணெய் வைத்துக்கொண்டிருப்பாள்.

“நுவாலா, இங்க வாம்மா. இதைப் பாரு,” என்று கூப்பிட்டார் ஃபாதர். அவர் தட்டில் முழங்கை நீளத்துக்கு ஒரு சிங்கி, நீல வளையத்தோடு கிடந்தது. “உங்க அண்ணன் கொடுத்தது. இந்த சைசுக்கு ஞானஸ்நானமே கொடுக்கலாம் போல.”

நுவாலா பார்த்தாள். கிழங்குக் கரண்டியைக் கீழே வைத்தாள். வாலைப் பிடித்து விரித்தாள். ஐந்து இதழ் இருக்க வேண்டிய இடத்தில் நாலுதான் இருந்தது. நடு இதழுக்கு வலப்பக்கத்து இதழ் அடியோடு, நேர்க்கோடாக நறுக்கப்பட்டிருந்தது.

ஃபின்டன் இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தான். காலடியில் நாய்.

“பிஷப், ஃபாதர் தட்டுல இருக்கிற சிங்கிக்கு வால்ல ஒரு இதழ் எங்க போச்சுன்னு உன் முதலாளிகிட்டக் கேளு.”

ஃபின்டன் மென்றுகொண்டே, “கடல்ல ஏதாவது கடிச்சிருக்கும்னு சொல்லு, பிஷப்,” என்றான்.

“கடிச்சா பிஞ்சு தொங்கும். இது கத்தரிக்கோல். நான் போட்ட வெட்டு தெரியக் கூடாதுன்னு இதழையே நறுக்கியிருக்கு. உங்கம்மா பெத்த பிள்ளை திருடன்னு சொல்லு.”

“ரெண்டு பேருக்கும் ஒரே அம்மாதானே,” என்று பக்கத்து மேசையில் யாரோ சொல்ல, சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பு சீக்கிரமே அடங்கிவிட்டது. இதுபோன்ற பேச்சுக்கு அந்த ஊர் விழுந்து விழுந்து சிரிக்கும். ஏன் இப்படி அடங்கியது என்று நுவாலா திரும்பினாள். ஒருவர்கூட அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பாதிப் பேர் தங்கள் தட்டைக் கையால் மறைத்துக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்துத் தட்டிலிருந்து சிவப்பு வளையம் போட்டதைத் தூக்கினாள். மலாக்கியுடையது. வாலில் நாலு இதழ். அடுத்த தட்டில் பச்சை வளையம். நாலு இதழ். வெள்ளை வளையத்துக்கும் நாலு. ஆரஞ்சு வளையக்காரன் நறுக்கக்கூடச் சோம்பல்பட்டிருந்தான். முக்கோண வெட்டு அப்படியே தெரிந்தது. அவளுடைய குறடு போட்ட வெட்டு. குறட்டின் ஒரு முனை மழுங்கியிருந்ததால் அவள் வெட்டு எப்போதும் ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கும்.

அண்ணன் ஒருவன்தான் திருடன் என்று நினைத்து வந்தவளுக்கு, துறையில் திருடாதவள் தான் ஒருத்திதான் என்று தெரிந்தது.

மலாக்கி எழுந்து வந்தான். சமாதானம் பேசுகிற குரலில்தான் ஆரம்பித்தான்.

“விக்கலியே நுவாலா. ஒண்ணைக்கூட நாங்க விக்கல. விக்கவும் முடியாது, வாங்குறவன் வாலைப் பார்ப்பான். கூண்டுல வந்துச்சு, பெரிசா இருந்துச்சு, ஃபாதர் விருந்துக்குப் போட்டோம். கடவுளுக்குக் கொடுக்கிறதுக்கு என்ன சட்டம்?”

“கடவுள் எங்க தின்னாரு? நீதான தின்ன.”

“வருஷத்துல ஒருநாள்.”

“கிறிஸ்துமசுக்கும்தான்,” என்றாள் மலாக்கியின் மனைவி, யோசிக்காமல். “எங்க பொண்ணு ஷீலா கல்யாணத்துக்கும்…” அவன் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டாள்.

வெட்டுப் போட்டது அவள் ஒருத்திதான். வெட்டுப் போட்டதைத் தின்றது பத்துப் பேர். கடல் திருப்பிக் கொடுக்கவில்லையாம். கடல் எட்டு வருடமாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டேதான் இருந்தது. வாங்கித் தட்டில் வைத்துக்கொண்டு, ஒன்றும் வரவில்லை என்று பழி சொன்னார்கள். அப்போதுதான் போன வருட விருந்து நினைவுக்கு வந்தது. இதே மலாக்கி ஒரு பெரிய வாலிலிருந்து சதையை உருவி, “உழைச்சவளுக்கு நல்ல துண்டு,” என்று அவள் தட்டில் வைத்தான். தின்றாள். நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னாள்.

“போன் பண்ணப் போறியா?” என்று கேட்டான் மலாக்கி. சமாதானக் குரல் போய்விட்டது. “மீன்வள அதிகாரிக்குச் சொல்லப் போறியா? சொல்லிட்டா உனக்கு இந்தத் துறையில என்ன பேருன்னு தெரியும்ல?”

தெரியும். காட்டிக்கொடுத்தவள். அந்தக் கரையில் கொலைகாரனின் பேரனுக்குப் பெண் கொடுப்பார்கள். காட்டிக்கொடுத்தவனின் பேரனுக்குக் கொடுக்க மாட்டார்கள்.

“போன் பண்ணல,” என்றாள் நுவாலா. “யாராவது ஒரு பக்கெட் கொடுங்க.”

யாரும் கொடுக்கவில்லை. கிழங்கைக் கீழே கொட்டிவிட்டு அந்தப் பாத்திரத்தையே எடுத்துக்கொண்டாள். தட்டுத் தட்டாகப் போய், வெட்டோ நறுக்கலோ இருந்த ஒவ்வொரு வாலையும், அதன் வளையத்தையும் பிடுங்கிப் போட்டாள். ஒருத்தி தட்டை இழுத்துப் பிடித்தாள். நுவாலா தட்டோடு பிடுங்கினாள். “ஃபாதர், உங்க வாலைக் கொடுங்க,” என்றபோது அவர் எடுத்து நீட்டினார். மொத்தம் முப்பத்தேழு. வலைக் கொட்டகைக்குப் போய், பலகையில் ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் அவரவர் வாலை ஆணியடித்தாள். ஃபின்டன் பெயருக்கு நேராக ஐந்து. மலாக்கிக்கு ஆறு, கொடுத்த ஆறும். சுத்தியல் சத்தம் துறை முழுக்கக் கேட்டது. ஊர் விருந்தைக் கெடுத்த சனியன் என்று ஒருத்தி உரக்கச் சொன்னதும் கேட்டது.

திங்கள் காலை அவள் கடலுக்குப் போனபோது, அவள் கூண்டு கிடக்கும் இடத்தைக் காட்டும் மஞ்சள் மிதவை ஒன்றுகூட இல்லை. பத்துப் பத்தாகக் கோத்த பதினாறு வரிசை, நூற்றறுபது கூண்டு. எல்லாவற்றின் கயிறும் அறுக்கப்பட்டிருந்தது. மிதவைகள் பாறையோரம் குப்பையாக ஒதுங்கிக் கிடந்தன.

கூண்டு போனது நஷ்டம்தான், ஆனால் அவளை அறைந்தது வேறு. கயிறு போன கூண்டு கடலடியில் சும்மா கிடக்காது. பிடித்துக்கொண்டே இருக்கும். உள்ளே போன சிங்கி வெளியே வர முடியாமல் பட்டினியில் சாகும், செத்ததைத் தின்ன அடுத்தது உள்ளே போகும், அதுவும் சாகும். எட்டு வருடம் அவள் காப்பாற்றியதை இனி அவளுடைய கூண்டுகளே கொல்லும். அறுத்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். அவனும் சிங்கி பிடிப்பவன்தான். நுவாலா படகை நிறுத்திவிட்டு அழுதாள். கோபத்தில்தான் அழுதாள், ஆனாலும் அழுதாள்.

பிறகு கயிற்றில் கொக்கி கட்டி இறக்கி, கடலடியைத் துழாவத் தொடங்கினாள். பொழுது சாயும்வரை இழுத்து இரண்டு வரிசைதான் கிடைத்தது. துறைக்குத் திரும்பினால் அவள் வண்டிக் கதவில் யாரோ ‘காட்டிக்கொடுத்தவள்’ என்ற அந்தப் பெயரைத் தாரால் எழுதியிருந்தார்கள். போன் பண்ணாமலேயே பட்டம் கிடைத்துவிட்டது. கடைக்காரி ரொட்டி தீர்ந்துவிட்டது என்றாள். அலமாரியில் ரொட்டி அடுக்கியிருந்தது.

செவ்வாய்க்கிழமை மதியம் கூட்டம். நுவாலா போகவில்லை. விரிகுடாவில் கொக்கி இழுத்துக்கொண்டிருந்தாள். வெயில் உச்சி தாண்டியபோது ஃபின்டனின் நீலப் படகு வந்தது. முன்னால் நாய் நின்றது.

அவள் கொக்கிக் கழியைக் கையில் எடுத்துக்கொண்டாள். “பிஷப், மிச்சம் மீதி இருந்தா அதையும் அறுத்துட்டுப் போகலாம்னு உன் முதலாளி வந்திருக்காரா?”

ஃபின்டன் நாயைப் பார்க்கவில்லை. நேராக அவளைப் பார்த்தான்.

“நான் அறுக்கல.”

எட்டு வருடத்துக்குப் பிறகு அந்தக் குரல் தன்னை நோக்கி வந்ததில் அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கழியை இறுக்கிப் பிடித்தாள்.

“வாலை நறுக்கினேன். தின்னேன். அந்த அஞ்சும் என்னோடதுதான். கயித்துல நான் கை வைக்கல,” என்றான். “ஒன்பது பேரு கை தூக்கினாங்க. ஒப்பந்தம் போச்சு. பலகையைக் கழட்டி அடுப்புல வெச்சாச்சு. அதோட விட்டானா மலாக்கி? மஞ்சள் மிதவை நல்லா மிதக்குதுன்னு சொல்லிச் சிரிக்கிறான். எல்லாரும் சிரிச்சாங்க. எழுந்து வந்துட்டேன்.”

“ஏன் பிஷப், உன் முதலாளிக்குச் சிரிப்பு வரலியா?”

“என் தங்கச்சி கயித்தை அறுக்கணும்னா நான் அறுப்பேன்,” என்று கத்தினான் ஃபின்டன். “எட்டு வருஷமா தினம் அறுக்கணும்னு நெனச்சு, அறுக்காம வெச்சிருக்கேன். எனக்கில்லாத உரிமை அந்தப் பயலுக்கு எங்கிருந்து வந்துச்சு?”

அவன் தன் கொக்கியை இறக்கினான். அவன் படகில் இழுவைச் சக்கரம் பெரியது. அன்று சாயங்காலத்துக்குள் ஏழு வரிசை ஏறின. இடையில் இரண்டு படகுகள் அந்தப் பக்கம் வந்தன. ஃபின்டன் எழுந்து நின்றதும் திரும்பிப் போய்விட்டன. அண்ணனும் தங்கையும் வேலைக்கு வேண்டிய நாலு வார்த்தையைக்கூட நாயிடமே சொல்லிக்கொண்டார்கள்.

அன்றைய கடைசி வரிசையில் ஒரு கூண்டில் ஒரு சிங்கி செத்துப் பாதி தின்னப்பட்டுக் கிடந்தது. அதன்மேல் இன்னொன்று உயிரோடு, கருநீலமாக, வாலை அடித்துக்கொண்டிருந்தது. ஃபின்டன் அதைத் திருப்பிப் பார்த்தான். வயிற்றடி முழுக்க முட்டை, கறுப்புக் கடுகை அப்பியதுபோல. வாலில் ஐந்து இதழும் முழுசாக இருந்தன. இரைமீன் நாற்றமடிக்கும் அந்தக் கையில் நல்ல விலைக்குப் போகும் சிங்கி. விற்றால் சட்டம்கூடக் கேட்காது. ஒப்பந்தமும் இப்போது இல்லை.

அவன் அதைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றான்.

“குறடு,” என்றான்.

நுவாலா இடுப்பிலிருந்து குறட்டை உருவி வீசினாள். கொடுப்பதற்கு வீசியது மாதிரி இல்லை, மண்டையில் படட்டும் என்று வீசியது மாதிரி இருந்தது. அது அவன் காதோரம் போய், மரத்தில் அடித்து, நாயின் காலடியில் விழுந்தது. அவன் குனிந்து எடுத்தான்.

“எந்த இதழ்னு உன் முதலாளிக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்ல, பிஷப்,” என்றாள். “நறுக்கி நறுக்கிப் பழகின கைதான.”

ஃபின்டனின் காது சிவந்தது. வலப்பக்கத்து இதழைப் பிடித்து முக்கோணமாக வெட்டினான். மழுங்கிய முனையால் அவன் வெட்டும் ஒரு பக்கம் சாய்ந்தே விழுந்தது. சட்டைக் கை நனைவதைப் பற்றிக் கவலைப்படாமல் முழங்கைவரை தண்ணீரில் விட்டு, சிங்கி தானாக நழுவும்வரை பிடித்திருந்துவிட்டுக் கையை எடுத்தான். குறட்டை அவன் திருப்பித் தரவில்லை. அவளும் கேட்கவில்லை.